வெளுத்த மூக்குத்தி

என் அப்பாவின் அக்காவும், சந்தையில் மீன்காரம்மா என்று பெயர் வாங்கியவருமாகிய அத்தைக்கு இதனால் முறைப்படி அறிவிப்பது என்னவென்றால்: இன்று காலை நம் வீட்டுக் கண்ணாடியில் என் மூக்கின் இடது பாதி காலமாகிவிட்டது. அந்தச் சொல்லை இப்போது உங்களிடம் சொல்லக் கூடாதுதான். ஆனால் நீங்கள் இருந்திருந்தால் முதலில் சிரித்திருப்பீர்கள்.

பின்னால் பூசியிருந்த ரசம் உதிர்ந்துவிட்டது. யுத்தம் முடிந்தால்தான் வேறு கண்ணாடி என்கிறார் அப்பா. அதுவரை பாதி மூக்கோடுதான் நான் தலைவார வேண்டும். உதிர்ந்த துகளை அம்மா முறத்தில் அள்ளி, யாரும் தொடக் கூடாது என்று குழிக்குள் போட்டு மூடினாள். சாப்பாட்டு ரசத்தைக்கூட நம் வீட்டில் இப்போது மிளகுத் தண்ணீர் என்றுதான் சொல்கிறோம். ரசம் என்ற சொல் உங்கள் மூக்கில் ஏறிய நாளிலிருந்து அப்படி.

அந்தக் கோடையில் திருமணிமுத்தாறு ஓடவில்லை. மடுக்களாகத் தேங்கிக் கிடந்தது. நீங்கள் இடுப்பளவு தண்ணீரில் வலையை இழுக்க, நான் கரையில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்தேன். பெரிய கெளுத்தி ஒன்று அகப்பட்டது. பாறைமேல் வைத்து அதன் வயிற்றைக் கீறினீர்கள். குடலோடு சேர்ந்து சில வெள்ளி மணிகள் உருண்டு வந்தன.

அவை உருண்ட விதத்தை இன்னும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தண்ணீர் என்றால் பாறை நனைந்திருக்க வேண்டும், நனையவில்லை. கல் என்றால் ஒன்றோடொன்று மோதியிருக்க வேண்டும். தொட்டதும் ஒன்றுக்குள் ஒன்று போய்விட்டன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்ன வானம். அதில் குனிந்து பார்க்கும் ஒரு சின்ன அத்தை.

ஊர்ப் பையன்கள் அதற்கு முன்பே மணலில் அப்படிச் சில மணிகளைக் கண்டிருந்தார்கள். மணிமுத்து என்று பெயர் வைத்துக்கொண்டு இத்தனை காலம் மணலையே கொடுத்த ஆறு கடைசியில் முத்துக் கொடுக்க ஆரம்பித்துவிட்டதென்று குதித்தார்கள். நான் குதிக்கவில்லை. இதில் ஏதோ சூது இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. வேண்டுமானால் எழுதிக் கையெழுத்தும் போடுவேன்.

நீங்களோ ஒரு மணியை விரல் நுனியில் ஏந்தி, மூக்குத்திமேல் வைத்துக் காட்டினீர்கள்.

"எப்பிடிடா இருக்குது?"

"ராணியாட்டம் இருக்குதுங்க. மீன் நாத்தம் மட்டும் போனாப் போதும்."

அடிக்கக் கையை ஓங்கினீர்கள். மணி நழுவி விழுந்தது. நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்த பிறகுதான் மூக்குத்தியைக் கழற்றிப் பார்த்தீர்கள். உங்களிடம் இருந்த ஒரே பொன் வெளுத்துப்போயிருந்தது. மணல் போட்டுத் தேய்த்தீர்கள், சேலையில் துடைத்தீர்கள். மஞ்சள் திரும்பவில்லை.

மீன் கூடையோடு நேராக மல்லசமுத்திரத்து நகை ஆசாரியிடம் போனோம்.

"இது பாதரசமுங்க," என்றார் அவர். "மேல, சேலத்துக்குப் பக்கமா, கண்ணாடிக்கு ரசம் பூசற பட்டறை வந்திருக்குதல்ல? கழுவுன தண்ணியெல்லாம் ஆத்துலதான் உழுகுது. இது தங்கத்தையே தின்னுபோடும்."

நெருப்பில் காட்டினால் ரசம் புகையாகப் போய்விடும் என்று கையை நீட்டினார். நீங்கள் கொடுக்கவில்லை.

"தங்கத்தையே திங்குதுன்னா, கொடலு எம்மாத்தரமுங்க?" என்று மட்டும் கேட்டீர்கள்.

மறுநாள் சந்தை. அந்தக் கோடையில் அப்பாவுக்கு வயல்காட்டு வேலையும் இல்லை. கூடை விற்றால்தான் நம் வீட்டில் உலை கொதிக்கும். வழியில் நான் என் மூளையைக் காட்டினேன்.

"அத்தை, மூக்குத்தியக் கழட்டி வெச்சுட்டு வித்துப்போடலாமுங்க. ஆரு மீனு வவுத்துக்குள்ள எட்டிப் பாக்கறாங்க?"

"சரி சாமி. மொதத் துண்டு நீ தின்னு."

ஊர் வரும்வரை நான் பத்தடி முன்னாலேயே நடந்தேன்.

அத்தனை மீனையும் புதைத்தீர்கள். மறுநாள் வெறுங்கையோடு சந்தைக்குப் போய், எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தீர்கள்.

"ஏனுங்க, கூடை எங்க?"

"கூடையக் கேக்காதீங்க. மூக்கப் பாருங்க."

"வெள்ளிக்கு மாத்திப்போட்டீங்களா?"

"நான் மாத்தலீங்க. ஆறு மாத்திப்போடுச்சு."

வந்தவர்களுக்கெல்லாம் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டினீர்கள். பொழுது சாய்வதற்குள் அந்த ஆற்று மீனை வாங்க ஆளில்லை. உங்கள் பிழைப்பை உங்கள் மூக்காலேயே மூடிவிட்டு, அடுத்த சந்தையில் வேகவைத்த கடலைக்காயோடு அதே இடத்தில் உட்கார்ந்தீர்கள். ஆற்றில் வெளுத்த மூக்குத்தியைப் பார்த்து வாயைப் பிளந்தேனே, அன்று சந்தையில் உங்களைப் பார்த்துப் பிளந்த வாயை இன்னும் சரியாக மூட முடியவில்லை.

போன ஆடியில் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோனபோதும் மூக்குத்தி வெள்ளையாகவே இருந்தது. கடைசிவரை அதை நெருப்பில் காட்ட விடவில்லை. "இதப் பாத்தாத்தான் புதுசா வாரவங்களும் கேப்பாங்க" என்பீர்கள்.

இப்போது பொடியன்களை மடுப்பக்கம் விடாமல் துரத்துவது நான்தான். "எனக்கு அப்பவே தெரியும்டா" என்று அதட்டித்தான் துரத்துகிறேன். நம்புகிறார்கள். துரத்திவிட்டுத் திரும்பும்போது மணலில் ஏதாவது மின்னினால் மட்டும் என் முதுகு தானாகக் குனிகிறது.

ஏனென்றால், அத்தை, எனக்கு ஒன்றும் தெரியாது. முத்து, முத்து என்று முதலில் கத்தியவனே நான்தான். கெளுத்தி அகப்பட்டதற்கு முந்தின நாள், மணலில் பொறுக்கியதையெல்லாம் கொட்டாங்குச்சியில் போட்டுக்கொண்டு, உங்கள் கழுத்துக்கு மாலை கோக்க ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தேன். ஊசி பட்டபோதெல்லாம் ஒரு முத்து இரண்டாயிற்று. மாலை நீளமாக வரும் என்று சந்தோஷப்பட்டேன்.