என் மூக்குக்குக் கிடைக்காத பூ

மார்ச் 4
இன்று ஆலையில் மூக்குடைப்பு. நான் மோந்து பார்த்துச் சரி சொல்லி அனுப்பிய, 'வயலட்' எனும் ஊதாப்பூ சோப்பு கடைகளிலிருந்து திரும்பி வருகிறது. வாசம் தலையைப் பிளக்கிறதாம். ஆய்வகத்தில் பார்த்தால் வாசனை எண்ணெய் இருமடங்கு. ஊற்றும் கருவி பழுது. அதை மோந்து பிடிக்க வேண்டியது வாசனைக் குழு. குழுவின் தலைவி நான்.

மேலாளர் குரலை உயர்த்தவில்லை. "மூக்குக்கும் வயசாகும்ல மேடம்? மாசக் கடைசியில வேற ஆளப் போட்டுரலாம்."

அந்த நாற்காலியை அவ்வளவு சுலபமாக விடுவேனா?

மார்ச் 5
திரும்பி வந்த சோப்பு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கவரைப் பிரித்ததும் வீட்டுக்காரர் எட்டடி தள்ளிப் போனார்.

"என்னடி இது, பூக்கூடைக்குள்ள தலைய விட்ட மாதிரி?"

எனக்கு வெறும் சோப்பு. ஆனால் அதே மூக்குதான் காலையில் மூடியைத் திறக்கும் முன்பே பால் கெட்டதைச் சொன்னது. பக்கத்து வீட்டுச் சுவரின் புது வண்ணமும் எனக்குத்தான் முதலில் தெரிந்தது. வயசு என்றால் எல்லாமே அல்லவா மங்க வேண்டும்? ஒன்று மட்டும் எப்படிப் போகும்?

மார்ச் 7
தங்கை பல்கலைக்கழகத்தில் மரபணு ஆராய்ச்சி செய்கிறாள். குழாயில் எச்சில் துப்பிக் கொடுத்தேன். "அக்கா, இவ்வளவு மரியாதையா யாரும் துப்பினதில்ல" என்றாள்.

மார்ச் 15
முடிவு வந்தது. மூக்கில் வாசனையைப் பிடிக்கும் புரதங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் செய்யச் சொல்வது ஒரு மரபணு. ஊதாப்பூ வாசத்தைப் பிடிக்கும் புரதத்துக்கான மரபணுவின் பெயர் ஓ.ஆர்.5ஏ1. அதன் இரு பிரதிகளிலும் ஓர் எழுத்து மாறியிருந்தால் பூ பூவாக மணக்காது. மாறிய பிரதிதான் எனக்கு அம்மாவிடமிருந்தும் வந்திருக்கிறது, அப்பாவிடமிருந்தும் வந்திருக்கிறது.

"உன் மூக்கு கெட்டுப்போகல அக்கா. பொறந்ததுலேர்ந்தே இந்த ஒரு வாசம் உனக்குக் கிடையாது. நெறையப் பேரு இப்படித்தான் இருக்காங்க."

அந்த எண்ணெயைத் தனியாக மோந்தால் எனக்குப் புளிப்பு. 'பூ' என்பது விற்பனைக்காரர்களின் அளப்பு என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன்!

மார்ச் 16
தூக்கம் பிடிக்கவில்லை. குழுவில் என்னைத் தவிர ஐந்து பேர். அவர்களும்தானே சோப்பை மோந்தார்கள்? ஒருத்தருக்குக்கூடவா...

அட கடவுளே. அந்த ஐந்து பேரையும் தேர்ந்தெடுத்தது நான். நேர்காணலில் எண்ணெய் தொட்ட காகிதப் பட்டைகளை நீட்டுவேன். என் பதிலோடு ஒத்துப்போனவர்கள் உள்ளே, மற்றவர்கள் வெளியே. ஊதாப்பூப் பட்டைக்குப் 'புளிப்பு' என்றவர்களாகப் பார்த்துச் சேர்த்திருக்கிறேன். ஒரே மூக்கை ஆறு முகத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்!

மார்ச் 17
மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "என்னைத் தூக்கிட்டு என் குழுவுல ஒருத்தரப் போட்டீங்கன்னா இதே சோப்பு திரும்பவும் வெளிய போகும் சார். இனிமே ஒவ்வொரு எண்ணெய்க்கும் அது நல்லாத் தெரியுற மூக்கா பாத்து வைக்கிறேன். யாருக்கு எது தெரியலன்னு கண்டுபிடிக்க எனக்குத்தான் தெரியும்."

மேசை நாட்காட்டியைப் புரட்டினார். "ஒரு மாசம் பாக்கலாம்."

போதும்.

மார்ச் 19
நேர்காணலில் ஊதாப்பூப் பட்டைக்குப் 'பூ' என்று சாதித்து என்னிடம் தோற்றுப்போனவர் கணக்குப் பிரிவில் இருக்கும் வாயாடி. குழுவுக்கு வரச் சொன்னேன்.

"அன்னைக்கு என்ன சொன்னீங்க? 'உங்க மூக்கு முகத்துக்கு அழகு, வேலைக்கு ஆகாது'ன்னு."

"இன்னைக்கு வேலைக்கு ஆகும்மா. வாங்க."

"அப்ப அழகு?"

வேலைக்கு ஆள் கிடைத்துவிட்டார்.

ஏப்ரல் 11
ஊதாப்பூ சோப்பு, புதுத் தொகுதி. கடைகளுக்குக் கொண்டுபோகும் வண்டி வாசலில் நிற்கிறது. நானும் பழைய ஐவரும் மோந்தோம், குறையில்லை. வாயாடி ஒருமுறைதான் மோந்தார். "தூக்கலா இருக்கு மேடம்."

மேலாளர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் தெரியல சார்" என்றேன். சரக்கு ஏற்றாமலே வண்டியைத் திருப்பி அனுப்பும் தாளில் கையெழுத்துப் போட்டேன். ஆய்வகத்தில் எண்ணெயின் அளவைப் பார்த்துச் சொல்ல மதியம் ஆகும் என்றார்கள். காத்திருக்கவில்லை. வாயாடியையும் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போனேன்.