இரண்டு விரல் இடைவெளி

மாப்ள,

இன்று காலை ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கியபோது டீசல் வாடை வந்தது. உன் தாள்தான். டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் நீ எழுதிய கடைசி அத்தியாயம். மெஷின் சூடு பட்டதும் அந்தத் தாள்களிலிருந்து உன் மினி பஸ் மணக்கும் என்பதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தால், "அப்ப மோந்து பாத்தே கத எப்படின்னு சொல்லிருவியாலே?" என்று கேட்டிருப்பாய்.

நீ போய் நாலு மாதமாகிறது. உன் கதையை வைத்து நாங்கள் போட்ட சண்டையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அதில் பெரிய பங்கு என்னுடையது.

திருச்சுழியில் பஸ்ஸைப் போட்டுவிட்டு அடுத்த டிரிப்புக்கு இருக்கும் அரைமணி நேரத்தில், என் கடை பெஞ்சில் உட்கார்ந்துதான் மொத்தக் கதையையும் எழுதினாய். வானத்தில் நாலு கோள்கள். நாலுக்கும் தலைவர்கள். கோள் கோளாகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே ஒரு கறுப்பு மேகம் வருகிறது. நாலு பேரும் தங்கள் நீர்நிலையைத் திறந்துவிட்டால் மேகம் கனம் தாங்காமல் மழையாகக் கொட்டி அழிந்துபோகும். ஆனால் யார் முதலில் மடையைத் திறப்பது? அங்கேதான் அடிதடி. ஒவ்வொரு அத்தியாயத்திலும் கடைசியில் நாயகன் வந்து நாலு பேரையும் உட்காரவைப்பான். நரிக்குடிப் பக்கம் கண்மாய்த் தண்ணீருக்கு நடந்த ஒரு பஞ்சாயத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் நீ இதை ஆரம்பித்தாய். "நம்ம ஆளுகளுக்குக் கொம்பு வச்சு வானத்துல விட்டுட்டேன்" என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அருப்புக்கோட்டையில் ராஜாமணி அண்ணனின் நூல் கிட்டங்கியில் அதை நாடகமாகப் பேசிப் பதிவு. நூல் மூட்டைகளுக்கு நடுவே நின்று பேசினால் எதிரொலி வராது என்று கண்டுபிடித்தவன் நீ. ராஜாமணி அண்ணன் ஒரு கோளின் தலைவர். கோபம் வந்தால் அவர் வாயில் வீட்டுக் கன்னடம் வந்துவிடும். "ஐயோ, எங்க வீட்டுப் பேச்சு வந்துருச்சேப்பா, அழிச்சிரு" என்று பதறுவார். "அண்ணே, அதுதாண்ணே வேற்றுக்கோள் பாஷை" என்று நீ அப்படியே வைத்துக்கொள்வாய். இரண்டாவது தலைவி தையல்கடை செல்வி. மூன்றாவது, போனில் பதிவு செய்து வெட்டி ஒட்டும் எலெக்ட்ரீசியன் முருகேசன். நாலாவது நான். இருப்பதிலேயே கஞ்சன், ஒரு சொட்டுத் தண்ணீர் தராத தலைவன். நாயகன் நீ.

பதிவானதை உன் பஸ்ஸில் ஓடவிடுவாய். ஆட்டுக்குட்டியை மடியில் வைத்திருப்பவர்கள்கூட, "அந்தக் கஞ்சப்பய தண்ணிய விட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இறங்குவார்கள். அந்தக் கஞ்சப்பயல் நான்தான் என்பது எனக்கு உறுத்தியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குப் பொறாமை. கடைசி அத்தியாயம் எழுதப்போகிறேன் என்று நீ வந்த அன்று வெடித்துவிட்டேன்.

"எல்லாத்தையும் நீயே வந்து தீத்து வச்சா நாங்க எதுக்குலே? கூவுறதுக்கா?"

நீ எழுந்து பஸ்ஸுக்குப் போய்விட்டாய். ஒன்பது நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. பத்தாம் நாள் பஸ்ஸிலிருந்து இறங்கி இந்தத் தாள்களைக் கடை மேசையில் வைத்தாய். நான் உள்ளே பேப்பர் கட்டைப் பிரிப்பதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். "படிச்சுப் பாருலே. வாரேன்" என்றாய். திரும்பியிருக்கலாம். திரும்பவில்லை. மறுநாள் காலை வண்டியை எடுக்கப் போன இடத்திலேயே உனக்கு நெஞ்சுவலி.

காரியமெல்லாம் முடிந்து, கிட்டங்கியில் நாலு பேரும் கூடினோம். உன் பஸ்ஸை இப்போது ஓட்டுகிற பையனிடம் ஜனங்கள் மேகம் என்ன ஆனது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களாம். கதையை முடிக்க வேண்டும். நாயகன் குரல் யார்?

நீ நாயகனின் வசனத்தை எழுதவே மாட்டாயே. எங்களுடையதை எழுதி, நீ பேச வேண்டிய இடத்தில் இரண்டு விரல் அகலம் இடம் விட்டுவிடுவாய். மைக் முன்னால் வந்து வாய்க்கு வந்ததைப் பேசுவாய். அதனால் கடைசி அத்தியாயத்தில் நீ என்ன பேச நினைத்தாய் என்பது யாருக்கும் தெரியாது என்று நாங்களாகவே முடிவு செய்துகொண்டோம். தாள்களைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. தான்தான் மூத்தவர், தானே பேசப்போவதாகச் சொன்னார் ராஜாமணி அண்ணன். நாயகன் ஏன் பெண்ணாக இருக்கக்கூடாது என்றாள் செல்வி. நான் யோக்கியனைப்போல, "அவன் கூடவே இருந்தவன் நானு" என்றேன். ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். செல்வி வருவதை நிறுத்தினாள். ராஜாமணி அண்ணன் கிட்டங்கிச் சாவியைத் தரமாட்டேன் என்றார். நீ எழுதிய தலைவர்கள் எங்களைவிட எவ்வளவோ தேவலை.

நாலாவது வாரம் முருகேசன் ஒரு வழி கண்டுபிடித்தான். பழைய அத்தியாயங்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தால் உன் குரலிலேயே புதிதாகப் பேசுமாம். எங்களையெல்லாம் சமாதானம் பேசி வரவழைத்து, போனை அழுத்தினான். "தலைவர்களே, நான் வந்துவிட்டேன்." நீதான். மூச்சு இழுப்பதுகூட நீதான். அப்போதுதான் வாசலில் தங்கச்சி, உன் மனைவி, நிற்பதைப் பார்த்தோம். நீ பேசிய மீதிப் பழைய அத்தியாயங்கள் இருக்கும் உன் போனை, முருகேசன் கேட்டிருந்ததால், கொடுக்க வந்திருக்கிறாள்.

கத்தவில்லை, அழவில்லை. போனை மட்டும் சேலை முந்தியில் சுற்றிக்கொண்டாள்.

"அண்ணே, அவுக பேசாதத அவுக வாயில வச்சுப் பஸ்ஸுல விட்டீகன்னா, நான் இந்தக் கதையவே நிறுத்தச் சொல்லிருவேன். நீங்க எழுதிக்கிருங்க, பேசிக்கிருங்க. அவுக குரல விட்டுருங்க."

போய்விட்டாள். முருகேசன் தலையைக் குனிந்துகொண்டு அதை அழித்தான். கதை அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் கடையில், நாயகன் வசனத்தை நானே எழுதிப் பார்க்கலாம் என்று கடைசி அத்தியாயத்தைப் பழைய அத்தியாயங்களுக்குப் பக்கத்தில் விரித்தேன். எங்கே இடம் விட்டிருக்கிறாய் என்று தேடினேன். முதல் தாளில் இல்லை. இரண்டாவதில் இல்லை. ஏழு தாளிலும் வரிக்கு வரி நெருக்கி எழுதியிருந்தாய். விரல் வைக்க இடமில்லை. யார் வருவதற்காகச் சண்டை போட்டோமோ அவனை நீ கூப்பிடவே இல்லை மாப்ள. கடைசி வரி என்னுடையது.

"சரி. நானே முதல்ல தொறக்குறேன். அப்புறம் நீங்க தொறந்தாலும் சரி, தொறக்காட்டியும் சரி."

கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். பத்தாம் நாள் நீ கொண்டுவந்து வைத்தது எனக்கான பதில். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவனுக்கு.

அன்றே செல்வி கடைக்குப் போனேன். "நான் செஞ்சது தப்புத்தான்" என்றேன். தைத்துக்கொண்டிருந்த ரவிக்கையை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். தாள்களைக் காட்டினேன். பிறகு அவளே ராஜாமணி அண்ணனுக்குப் போன் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் மூட்டைகளுக்கு நடுவே நின்று ஒரே மூச்சில் முடித்தோம். கடைசி வரியில் என் குரல் பிசிறியது. திரும்ப எடுக்கலாம் என்றேன். வேண்டாம் என்றான் முருகேசன்.

பஸ்ஸில் விடுவதற்கு முன் தங்கச்சியிடம் கொண்டுபோய்க் கொடுத்தோம். வாசலிலேயே நின்று முழுவதும் கேட்டாள். "அவுக இதுல வரவே இல்லையே" என்றாள்.

"இத்தன நாளும் அவுக பேச்சு எப்ப வரும்னுதான் கேட்டுக்கிட்டிருந்தேன். இன்னைக்குத்தான் நீங்க பேசுறதக் கேட்டேன். நல்லாத்தான் பேசுறீக" என்றாள். பிறகு, "பஸ்ஸுல விடுங்க" என்றாள்.

இப்போது வேறொரு கதை ஆரம்பித்திருக்கிறோம். எழுதுவது நான். அதில் நாயகன் கிடையாது, நாலு பேர்தான். ஆனாலும் ஒவ்வொரு பக்கத்திலும் எங்காவது ஓரிடத்தில் என் கை தானாக இரண்டு விரல் அகலம் இடம் விட்டுவிடுகிறது. நகலைக் கையில் வாங்கும்போது செல்வி கேட்கிறாள், "இது எதுக்குண்ணே?" என்று. அதை நிரப்பவும் எனக்கு மனசு வரவில்லை, கோடு போட்டு அடிக்கவும் வரவில்லை.