பினாங்கில் அஸர் பிந்தியது

பெப்ரவரி 10, திங்கள்

வெயில். கடல் அசையவில்லை, என் வயிறுதான் அசைகிறது. நாளை கப்பல் பினாங்கில் நிற்கும். சிங்கப்பூரில் இருக்கும் மகள் எங்கள் இருவரையும் ஏற்றிவிட்டாள். உம்மாவும் வாப்பாவும் நாலு இடம் பார்க்கட்டுமாம்.

அறை கூட்டுகிறவனின் சிரிப்பு சரியில்லை. இன்று மூன்று தரம் குளியல் துவாய் மாற்றினான். எதற்கு?

கப்பல்காரரின் சுற்றுலா பஸ் வேண்டாம் என்றுவிட்டேன். பகல் கொள்ளை. நாங்களே நடந்து பார்ப்போம். இவருக்கும் சந்தோஷம். கல்முனைக்குடியில் இத்தனை வருஷம் துணிக்கடை வைத்தும் ஆளை மட்டிட வராது இவருக்கு. காசு போடும் லாச்சிக்கு முன்னால் நான் இருப்பதால்தான் கடை இருக்கிறது.

நாளைக்கு:
போன் இரண்டும், மணிக்கூடும் அறைப் பெட்டகத்தில். தெருவில் பறிப்பார்கள்.
பேத்தியின் தோடு பெட்டகத்தில் வேண்டாம் (துவாய்க்காரன்). என் கைப்பையில். சனிக்கிழமை சிங்கப்பூரில் அவளுக்குக் காது குத்து.
கைப்பை தோளில் அல்ல, கக்கத்தில்.

"அப்ப நேரம் எப்படிப் பாக்கிற?" என்று இவர். பள்ளிவாசலில் தொழுகைக்குக் கூப்பிடும் பாங்கு இருக்கிறதே. கப்பலில் ஏற நாலரை வரை நேரம். ஊரில் பின்னேர அஸர் பாங்கு மூன்றரையோடு சரி. பாங்கு கேட்டு வெளிக்கிட்டாலே தாராளம்.

பெப்ரவரி 11, செவ்வாய். மாலை

 ஒழுங்காக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் கோட்டை. பீரங்கி, புல்வெளி, வியர்வை. பிறகு பழைய தெருக்கள். சுவரெல்லாம் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள், சனம் வரிசையில் நின்று அதற்குப் பக்கத்தில் படம் எடுக்கிறது. மத்தியான லுஹர் தொழுகை முடிந்திருக்கும் என்று பெரிய பள்ளிவாசலுக்குப் போனால் அப்போதுதான் தொழுகிறார்கள். சோம்பல் ஆக்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

சோற்றுக்கடையில் பக்கத்து மேசைக்காரர் தமிழ் பேசினார். ஜமால் என்று பெயர். இவரோடு ஒட்டிக்கொண்டார். கை கழுவிவிட்டு வந்து பார்த்தால் எங்கள் சாப்பாட்டுக்கும் அவரே காசு கட்டிவிட்டார். சும்மா எவன் கட்டுவான்?

போன் நம்பர் கேட்டார். இவருக்குத் தன் கைப்போன் நம்பரே பாடமில்லை. நான் முந்திக்கொண்டு எங்கள் ஊர்க் கடை நம்பரைச் சொன்னேன், கடைசி இலக்கத்தை மட்டும் மாற்றி. இவர் என்னைப் பார்த்தார். 

பிறகு பள்ளி முற்றத்து நிழலில், பாங்கு வரட்டும் என்று இருந்தோம். வரவில்லை. ஜமால்தான் வந்தார்.

"இன்னும் இங்கயா இருக்கீங்க? கப்பல் எத்தன மணிக்கு அண்ணே?"

"நாலரைக்குள்ள ஏறணும். அஸர் பாங்கு சொன்னா வெளிக்கிடுவம்," என்றார் இவர்.

"யா அல்லாஹ்! இங்க அசர் நாலே முக்காலுக்குங்க. வாங்க, என் கார் நிக்குது."

கார்! அகப்பட்டான் கள்ளன் என்று நினைத்தேன். வாடகைக்குத்தான் இத்தனை உபசாரம்.

"நாங்க பாங்கு கேட்டுத்தான் வருவம். நீங்க உங்கட வேலையப் பாருங்க," என்றேன்.

"என்ன கதை கதைக்கிறாய் புள்ள!" இவருக்கு முகம் கறுத்துவிட்டது.

ஜமால் கோபிக்கவில்லை. சுவரைக் காட்டினார். தொழுகை நேரப் பலகை, சிவப்பு எழுத்து. அஸர் நாலே முக்கால்தான். மேலே மணிக்கூடு நாலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. எல்லா ஊரிலும் சூரியன் கல்முனையைக் கேட்டுத்தான் சாயும் என்று இருந்திருக்கிறேன்.

ஓட்டம். சின்னக் கார், வாகன நெரிசல். பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையேந்தித் துஆக் கேட்டேன். துறைமுக வாசலில் இறங்கித் திரும்பவும் ஓட்டம். வாடகை வாங்கவில்லை அந்த மனுஷன். "எனக்கும் துஆ செய்யுங்க அக்கா" என்று சத்தம் போட்டார்.

கப்பலில் ஏறி மூச்சு வாங்கும்போதுதான் கக்கம் வெறுமையாக இருப்பது தெரிந்தது.

"பயப்படாத, அவர் கோல் எடுப்பார்," என்றார் இவர். பிறகு நான் மாற்றிச் சொன்ன இலக்கம் ஞாபகம் வந்து, கதிரையில் இருந்துவிட்டார்.

பெப்ரவரி 12, புதன்

மழை. இவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருக்கிறார். காலையில் தேத்தண்ணி மட்டும். துவாய்க்காரன் இன்றும் சிரித்தான்.

ஜமால் தோட்டை விற்றிருந்தால் நல்லது என்று ஒரு கணம் நினைத்தேன். நான் நினைத்தது சரி என்றாகிவிடும் அல்லவா. சீ. என்னை நினைக்க எனக்கே வெட்கம்.

பெப்ரவரி 13, வியாழன்

சிங்கப்பூர். வந்ததும் மகளின் போனை வாங்கி, நான் சொன்ன அந்தப் பிழை நம்பருக்கே எடுத்தேன். ஒரு பொம்பிளை. எங்கள் ஊர்ப் பேச்சு.

"ஓம், ஒருத்தன் எடுத்தான். மலேசியாவாம். கைப்பையாம், தோடாம். நேத்தும் எடுத்து அட்ரஸ் கேட்டான்."

"நீங்க என்ன செல்லினீங்க?"

"என்ன செல்ற? கள்ளன் எண்டு நல்லா ஏசிப்போட்டு வச்சிட்டன்."

"அவர்ட நம்பர் ஏதும் தந்தாரா?"

"தந்தான்தான். நான் என்னத்துக்கு எழுதப் போறன்? அதுசரி, நீங்க ஆரு? நீங்களும் அவன்ட ஆளா?"

வைத்துவிட்டாள்.