ஆறு கட்டங்களிலும் என் கையெழுத்து

நவம்பர் 16, ஞாயிறு

விடிந்ததிலிருந்து தூறல். துணி எதுவும் காயவில்லை. எஸ்தர் எனக்கு ஏன் நன்றி சொன்னாள்? மதியத்திலிருந்து யோசிக்கிறேன்.

வரிசையாக எழுதினால் தலை தெளியுமோ என்னவோ.

எஸ்தர் (இனி எ.) எங்கள் ஒரகடம் கம்பெனியில் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின் ஆபரேட்டர். முப்பத்திரண்டு வயது. பத்து நாள் முன்பு, வியாழன் காலை, நான்காம் எண் பிரஸ்ஸில் வலது கையின் இரண்டு விரல்கள் போயின. கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த சென்சார் இருக்கிறது. நிறுத்தவில்லை. அந்தப் பிரிவின் சேஃப்டி என் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ். இன்று அவள் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம், நன்றி சொல்லும் கூட்டம். சுங்குவார்சத்திரம், பஸ் ஸ்டாப்புக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகை வீடு. மரியாதைக்குப் போனேன். மாதுளை ஒரு கிலோ, ஹார்லிக்ஸ். பிறப்பால் நானும் கிறிஸ்தவள்தான். இருபது வருடமாகக் கல்யாணங்களுக்கு மட்டும்.

பதினைந்து பேர். பாதி எங்கள் உற்பத்தி லைன் பெண்கள். போதகர் நீளமாக ஜெபித்தார். பின்னால் ஒருத்தி, "இவர் ஆமென் சொல்றதுக்குள்ள ஓவர்டைம் பஸ் போய்டும்டி" என்று முணுமுணுத்தாள்.

பிறகு எ. எழுந்தாள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக நன்றி சொன்னாள். கட்டை விரல் தப்பியதற்கு. பையனின் டிபன் டப்பாவை இடது கையால் திறந்ததற்கு. அடுத்து நான்.

"மேடம்தான் என் வெரல துணில சுத்தி மடியில வச்சுகினு ஆம்புலன்ஸ்ல கூட வந்தாங்க. அவங்களுக்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

எல்லோரும் "ஸ்தோத்திரம்" என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

அவள் மாமியார் கேசரித் தட்டோடு வந்தார். "இன்னா மேடம், தொடவே இல்ல? வூட்ல நெய் ஊத்திக் கிண்டுனது." பாதி விழுங்கினேன். மீதி கைக்குட்டையில்.

யாரிடமும் சொல்லாதது. தினமும் ஷிஃப்ட் தொடங்குமுன் ஒரு கறுப்புக் குச்சியை பிரஸ்ஸுக்குள் நீட்ட வேண்டும். மெஷின் நின்றால் அன்றைய கட்டத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். நான் திங்கட்கிழமையே அந்த வாரத் தாளின் ஆறு கட்டங்களிலும் போட்டுவிடுவேன். குச்சி என் மேஜை டிராயரில். எத்தனை வருடமாக? ஞாபகம் இல்லை. எங்கள் பிளான்ட்டில் எல்லோரும் அப்படித்தான்.

விபத்தன்று ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் குச்சியை நீட்டினேன். மெஷின் நிற்கவில்லை. சென்சார் பெட்டிக்குள் வயர் துருப்பிடித்து அறுந்திருந்தது. ஒரு நாள் துரு இல்லை அது.

நவம்பர் 17, திங்கள்

மழை விட்டது. முழங்கால் வலி. குடையை ஆபீஸிலேயே மறந்தேன்.

நாளை காலை தொழிற்சாலை ஆய்வாளர் விசாரணைக்கு வருகிறார். பத்தரைக்கு பி.மே. (பிளான்ட் மேனேஜர்) கூப்பிட்டார். மேஜையில் ஒரு வெற்றுப் படிவம். விபத்து வாரத்துப் பழைய தாளில் வெள்ளி, சனிக்கும் என் கையெழுத்து இருக்கிறது. வியாழன் மாலையே மெஷினுக்கு சீல் வைத்தாயிற்று. பார்க்க நன்றாக இல்லையாம். வியாழன் வரை மட்டும் போட்டுப் புதிதாக ஒரு தாள், பழையதைக் கிழித்துவிடுவது.

அப்படியானால் எ.வுக்கு என்ன என்று கேட்டேன்.

"காலைல சென்சார் ஓகே-ன்னு நீங்க சைன் பண்ணியிருக்கீங்க. அப்போ நடுவுல அந்தப் பொண்ணுதான் ஆஃப் பண்ணியிருக்கணும். டார்கெட்டுக்காகப் பண்றதுதானே. ரிப்போர்ட் அப்படித்தான் போகும்."

சரி என்றேன். என் வாய்தான் சொன்னது. படிவத்தை வாங்கிப் பையில் வைத்தேன், பழைய தாளோடு.

என் கையெழுத்து சரியென்றால் எ. பொய்க்காரி. வேலையும் போகும், பேரும் போகும். இதைப் புரிந்துகொள்ள எம்.எஸ்சி. தேவையில்லை. பத்து நாளாக எனக்குப் புரியவில்லை.

லைனில் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வேலை தொடங்குமுன் பிரஸ்மேல் வலது உள்ளங்கையை வைத்து அரை நிமிடம் கண் மூடுவாள். பெண்கள் கிண்டல் செய்வார்கள். "எஸ்தரக்கா மேல போன் போட்டாச்சு. எடுத்தாங்களாக்கா?" "ரிங் போவுதுடி, சும்மா இரு." நானும் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். யோசிக்கச் சோம்பல்படுகிறவர்களின் வேலை என்று. அதே கை. ஜெபம் காப்பாற்றவில்லையே என்று ஆம்புலன்ஸில் அவள்மேல் எனக்கு எரிச்சல்கூட வந்தது. குச்சி காப்பாற்றியிருக்கும்.

மாலை ஐந்தரைக்கு அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். நின்றபடியே சொன்னேன், குச்சி, ஆறு கட்டம், எல்லாம்.

"தெரியும் மேடம். திங்கக்கிழமை ஒரே மூச்சுல ஆறும் போடுவீங்க. லைன்ல எல்லாருக்கும் தெரியும்."

உட்கார்ந்துவிட்டேன். பிறகு ஏன் நேற்று அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன்.

"நீங்க கூட வந்ததும் நெசந்தானே." கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "கோவம் இல்லன்னு சொன்னா பொய். காலைல முழிச்சதும் கையப் பாக்கறேன். உங்க மேல அப்டி வருது. ஏசப்பா, இத நான் வச்சுகினு இருந்தா என்னால புள்ளைக்குச் சோறு கட்ட முடியாது, நீ வச்சுக்கோன்னு குடுத்துடறேன். மறுநாளு திரும்ப வருது. திரும்பக் குடுக்கறேன். அவ்ளோதான் மேடம் நம்ம ஜெபம்."

என்னிடம் இதற்கு மனோதத்துவ விளக்கம் இருக்கிறது. பஸ் ஸ்டாப் வரை அதைச் சொல்லிக்கொண்டே நடந்தேன். அந்த விளக்கத்தை வைத்துக்கொண்டு ஒரு காலையை என்னால் கடக்க முடியுமா? பத்து நாளாக முடியவில்லை.

கிளம்பும்போது அவள் கேட்டது ஒன்றுதான். "நான் சென்சாரத் தொட்டேன்னு நாளைக்கு எழுதுவாங்களாமே. நான் தொடல மேடம்." சொல்லிவிட்டுப் பையனின் யூனிஃபார்மை ஒரு கையால் மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பு நிற்கவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

இரண்டு தாளும் பையில். எதைக் கொடுப்பேன்?

நவம்பர் 18, செவ்வாய்

வெயில். காலையில் பால் பொங்கி வழிவதைப் பார்த்தபடி அடுப்படியில் நின்றிருந்தேன். எ. சொன்னதைச் செய்து பார்த்தேன். 'இந்தப் பயத்தை நீ வைத்துக்கொள்.' யாரிடம் என்று என்னையே விசாரிக்கவில்லை. பயம் போகவில்லை. அடுப்பை அணைத்தேன். குளித்தேன், குன்றத்தூரில் கம்பெனி பஸ் பிடித்தேன்.

பதினொன்றுக்கு ஆய்வாளர் வந்தார். பி.மே. என் பக்கம் கை நீட்டினார். பழைய தாளை ஆய்வாளரிடம் கொடுத்தேன்.

"வெள்ளி, சனி கையெழுத்து யாருது?"

"என்னுதுதான் சார். திங்கட்கிழமையே போட்டேன். ஒரு நாளும் நான் சோதிச்சுப் பார்க்கலை."

பிறகு வயர் விஷயத்தையும் சொன்னேன். ஆய்வாளர் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தார். மற்ற பிரஸ்களையும் இப்போதே சோதிக்க வேண்டும் என்றார். குச்சியை என்னிடமே கொடுத்தார்கள்.

நான்காம் எண் தவிர ஏழு பிரஸ். பெண்களைத் தள்ளி நிற்கச் சொல்லி ஒவ்வொன்றாக நீட்டினேன். முதல் பிரஸ் நின்றது. இரண்டாவது நிற்கவில்லை. குச்சி என் கையிலேயே முறிந்தது. வேறு குச்சிகள் கொண்டுவந்தார்கள். ஆறிலும் எட்டிலும் அவையும் முறிந்தன.

ஏழில் மூன்று. அந்த மூன்றிலும் காலை ஆறு மணியிலிருந்து வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் எண்ணில் நின்ற பெண் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சென்சாரை எ. அணைத்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை என்று ஆய்வாளர் எழுதினார். என் வாக்குமூலம் தனியாக இரண்டு பக்கம். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று பி.மே. சொன்னார். அடையாள அட்டையைக் கேட்டில் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டரைக்கு செகண்ட் ஷிஃப்ட் பஸ்கள் வந்தன. சென்சார்கள் சரியாகும்வரை பிரஸ் ஓடக் கூடாது என்று ஆய்வாளர் எழுதிவிட்டாராம்; பெண்களை உள்ளே விடவில்லை.