கருப்பசாமி முன் குனிந்ததால் வேகமெடுத்த வண்டி குறித்து

அனுப்புநர்
மா. ஜெகதீஸ்வரி, எம்.எஸ்சி., எம்.ஃபில்.,
(இயற்பியல் ஆசிரியை, தனியார் கல்லூரி, அருப்புக்கோட்டை)
வேலாயிகுளம் கிராமம்,
திருச்சுழி வட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
விருதுநகர்.

பொருள்: வேலாயிகுளம் ஊருக்குள் வந்துகொண்டிருந்த நகரப் பேருந்தை மீண்டும் இயக்கக் கோருதல் – தானே சமநிலை காக்கும் தனிநபர் வண்டியை நான் ஓட்டியதை வெற்றிகரமான சோதனையாகக் கருத வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இருபது ஆண்டுகளுக்கு மேலாக எந்தக் கோயில் முன்னும் தலை வணங்காத ஒரு பெண், இம்மாதம் 2-ஆம் தேதி காலை ஊர் எல்லைக் கருப்பசாமி முன் இடுப்பு வரை குனிந்தது ஏன்? இக்கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அந்தப் பெண் நான்தான் என்பதால், வேறு யாரிடமும் கேட்கவும் வழியில்லை. அந்தக் குனிவால் எங்கள் ஊர் ஒரு பேருந்தை இழக்க இருக்கிறது என்பதால் விவரத்தைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறேன்.

1. நெடுஞ்சாலையில் எங்கள் ஊர்ச்சாலை பிரியும் விலக்கிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது எங்கள் ஊர். காலையும் மாலையும் ஒரு நகரப் பேருந்து ஊருக்குள் வந்து திரும்பும். ஜனவரி இறுதியில் ஓர் அறக்கட்டளை, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே பலகையில் நின்றபடி செல்லும் வண்டி ஒன்றை விலக்கில் கொண்டுவந்து வைத்தது. முன்னால் சாய்ந்தால் ஓடும், பின்னால் சாய்ந்தால் நிற்கும், தானாக விழாது. விலையைக் கேட்ட எங்கள் ஊர்க்காரர்கள், கூடவே ஒரு ஜோடி மாடும் தருவார்களா என்று விசாரித்தார்கள். இனி ஊருக்கும் விலக்குக்கும் இடையே இந்த வண்டியே போதும் என்று சொல்லி, சோதனைக்காகப் பேருந்து விலக்கோடு நிறுத்தப்பட்டது.

2. என் பக்கத்து வீட்டுத் தங்கலட்சுமி, பாளையம்பட்டியில் ஒரு தையல் கடையில் வேலை செய்கிறார். சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்து அவருக்கு இடது கால் சூம்பிவிட்டது. நடக்கச் சிரமப்படுவோருக்கென்றே வந்ததாகச் சொல்லப்படும் இவ்வண்டியில் ஏற, இரண்டு கால்களையும் சமமாக ஊன்றி நிற்க வேண்டும். "ரெண்டு காலும் ஒழுங்கா இருந்தா நான் எதுக்குய்யா ஒங்க வண்டியில ஏறப் போறேன்? நடந்தே போயிருவேன்ல" என்று அவர் அறக்கட்டளையின் திட்ட அலுவலர் திரு. பிரவின்குமாரிடம் கேட்டார். அலுவலர் அதை மரியாதையாகக் குறித்துக்கொண்டார். பேருந்து வராத இந்த ஒரு மாதத்தில் தங்கலட்சுமி பாதி நாள் வேலைக்குப் போகவில்லை. மாத இறுதிக்குள் ஒழுங்காக வராவிட்டால் வேறு ஆள் வைத்துக்கொள்வதாகக் கடைக்காரர் சொல்லிவிட்டார்.

3. இதைத் தடுக்க ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து நெடுநேரம் பேசினேன். ஈர்ப்பு மையம், திருப்புவிசை என்றெல்லாம் விளக்கினேன். நான் உட்கார்ந்ததும் பின்வரிசையில் இருந்த பேச்சி என்பவர், "டீச்சரு இப்ப வண்டி வேணுங்குறாகளா, வேண்டாங்குறாகளா?" என்று கேட்டார்.

4. அதற்கு முன்பே மாரிக்கண்ணன், ராமசுப்பு ஆகிய இருவர் அவ்வண்டியை ஓட்டிப் பார்த்திருந்தனர். இருவரும் கருப்பசாமி கோயில் வரை நன்றாகவே சென்றனர். அந்த இடத்தைக் கடக்கும்போது எந்த வாகனத்தில் இருந்தாலும் தலை குனிந்து கும்பிடுவது எங்கள் பகுதி வழக்கம். வண்டி அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டது. ஒருவர் வேலிக்கருவைக்குள்ளும் மற்றவர் ஊருணிக்குள்ளும் போய் நின்றனர். இது ஓட்டியவர்களின் பிழை என்றார் அலுவலர். "அப்பக் கும்பிடாத ஆளா ஏத்திவிடுங்க சார். பஸ்ஸுல எல்லாரும் கும்பிடையில நம்ம டீச்சரு மட்டும் புஸ்தகத்தத்தான பாத்துக்கிட்டு வருவாக" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது. சாமியையும் நம்பாமல் வண்டியையும் நம்பாமல் இருந்தது எனக்கு இரட்டைத் தகுதி ஆகிவிட்டது. மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை.

5. முதல் இரண்டு கிலோமீட்டரும் வண்டி ஒழுங்காக ஓடியது என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அது ஒழுங்காக ஓடினால் எங்களுக்குப் பேருந்து இல்லை என்பது எனக்கு நினைவில் இருந்திருக்க வேண்டும். ஆனால் சேலைத் தலைப்பு காற்றில் பறக்க, பருத்திக் காட்டில் நிற்பவர்கள் என்னைப் பார்க்கிறார்களா என்றுதான் நான் பார்த்துக்கொண்டு போனேன். தங்கலட்சுமி அப்போது என் நினைவில் இல்லை.

6. கோயில் வந்தது. குனிந்தேன். வண்டி பாய்ந்தது. பயந்தால் உடம்பு முன்னால் வளைகிறது. வளைந்தால் வண்டி வேகமெடுக்கிறது. வேகமெடுத்தால் பயம் கூடுகிறது. இத்தகைய சுழற்சியைப் பல ஆண்டுகளாக மாணவிகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டி வருகிறேன். அதன் உள்ளே இருந்து பார்த்தது அன்றுதான். தார்ச்சாலையில் உக்கிரபாண்டி என்பவர் காயப்போட்டிருந்த மிளகாய் வத்தலின் நடுவே நேராகச் சென்று, ஊருக்குள் இருக்கும் பேருந்து நிறுத்தக் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றேன். "ஏத்தா, சாமிக்குப் பயந்து இம்புட்டு ஓட்டமா? முன்னக்கூட்டியே சொல்லியிருந்தா வத்தலயாச்சும் அள்ளியிருப்பேன்ல" என்றார் அவர். அன்று மாலை அவரோடு உட்கார்ந்து வத்தலில் கலந்த மண்ணைப் புடைத்துக் கொடுத்தேன். தும்மல் நிற்க இரண்டு நாளாயிற்று.

7. சோதனை ஓட்டம் முடியும் இடம் அந்தக் கம்பம்தான் என்று முன்பே வகுக்கப்பட்டிருந்தது. ஆகவே விலக்கிலிருந்து நிறுத்தம் வரை ஒரு பெண்மணி, இதுவரை யாரும் எட்டாத வேகத்தில் வந்து சேர்ந்ததாக அறக்கட்டளையின் அறிக்கை கூறுகிறது. நான் குனிந்திருக்கும் படம் அவர்களுடைய துண்டறிக்கையில் வந்திருக்கிறது. "ஆர்வத்துடன் முன்னேறும் பேராசிரியை" என்று கீழே போட்டிருக்கிறார்கள். நான் பேராசிரியை அல்ல. ஆர்வமும் இல்லை. முன்னேறியது வண்டி. இப்படத்தை ஆதாரமாகக் காட்டி, பேருந்தை நிரந்தரமாக விலக்கோடு நிறுத்திவிடலாம் எனப் பரிந்துரைத்திருப்பதாகவும் இம்மாத இறுதியில் முடிவெடுக்கப்படும் என்றும் அறிகிறோம்.

எனவே, நான் ஓட்டியதைச் சோதனைக் கணக்கில் சேர்க்காமல் தள்ளிவிடவும், தங்கலட்சுமிக்கு வேலை போகும் முன்பே பேருந்தை மீண்டும் ஊருக்குள் விடவும் ஆவன செய்யுமாறு தங்களைப் பணிவன்புடன் வேண்டுகிறேன். எங்கள் ஊரில் அவ்வண்டியில் நின்றபடி குனியாமல் கோயிலைக் கடக்கக்கூடியவர் கருப்பசாமி ஒருவரே. அவருக்கு ஏற்கெனவே குதிரை இருக்கிறது. துண்டறிக்கையில் இருக்கும் என் படத்தை நீக்கச் சொன்னால் தனிப்பட்ட முறையில் நன்றியுடையவளாவேன்.

இடம்: வேலாயிகுளம்
நாள்: 09.03.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மா. ஜெகதீஸ்வரி

பிற்சேர்க்கை, 10.03.2025, திங்கள். (பேருந்தில் இருந்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருப்பதைப் பொறுத்தருள்க.)

இம்மனுவை இன்று தங்களிடம் நேரில் கொடுப்பதற்காக நானும், வேலைக்குப் போவதற்காகத் தங்கலட்சுமியும் விலக்கை நோக்கி நடந்தோம். கோயிலை நெருங்கியபோது எதிரே பேருந்து வந்தது. உத்தரவு எதுவும் வந்ததாகத் தெரியவில்லை. ஓட்டுநர் இறங்கிக் கருப்பசாமியைக் கும்பிட்டார். "ஒரு மாசமா இவரப் பாக்காம வண்டி ஓட்டுறது என்னமோ மாதிரி இருக்குய்யா" என்று அவர் நடத்துநரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அவர் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டால் எழுத வேண்டிவரும். நாளைக்கும் வருமா என்று தங்கலட்சுமி கேட்டார். "ஆர்டர் போட்டா வரும்க்கா" என்றார் நடத்துநர். ஆகவே மேற்கண்ட கோரிக்கை அப்படியே இருக்கிறது.

நாங்கள் ஏறிக்கொண்டோம். பேருந்து ஊருக்குள் போய் ஆள் ஏற்றிக்கொண்டு திரும்பியது. தங்கலட்சுமி ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறார்; வேலைக்கு நேரத்துக்குப் போய்விடுவார். கோயிலை மறுபடி கடக்கும்போது ஓட்டுநர் ஹாரன் அடித்தார். உள்ளே இருந்த எல்லோரும் குனிந்தோம். பேருந்து வேகம் கூட்டவில்லை.