கட்டைவிரலுக்குத் தெரிந்தது

இன்று காலை இடித்த உளுந்து மாவில் பிரண்டைச் சாற்றின் வாசம் தூக்கலாக இருந்தது. வழக்கம்போல் ஒரு கையால் என் காதுமடலைப் பிடித்துக்கொண்டு, மறுகைக் கட்டைவிரலால் மாவை அமுக்கினேன். இரண்டும் ஒன்றுபோல இளகினால்தான் அப்பளத்துக்குப் பதம். அமுக்கியதும் நீ நினைப்பில் வந்துவிட்டாய்.

“ஹார்டா இருக்குட்டி, இன்னும் நாலு இடி போடு” என்பாய். கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனிக்குள் அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவளே நீதான். சாப்பாட்டு நேரத்தில் உன் மகளின் பழைய இங்கிலீஷ் அகராதியை விரித்து, அந்த ஒரு சொல்லிலேயே பல நாள் நின்றாய். “சோப்பு நுரைக்காத தண்ணியும் ஹார்டாம். கஷ்டமான கணக்கும் ஹார்டாம். இரக்கமில்லாதவனும் ஹார்டாம். ஒத்தச் சொல்ல வச்சே பிழைக்கானுவட்டி!” என்று சிரித்தாய். மாவு அப்பிய விரலால் பக்கம் புரட்டுவாய். அகராதியே அப்பளமாகிவிடும் என்று நான் ஏசுவேன்.

பிறகு அந்தப் படித்துறை. இடுப்பளவு தாமிரபரணியில் நின்றுகொண்டு என் கையை இழுத்து உன் மார்பில் வைத்தாய். “இங்கன தொட்டுப் பாரு. உன் விரலு பொய் சொல்லாதுல்லா.” தொட்டேன். காதுமடலைப் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. பத்து நாளில் உன் மகள் கல்யாணம்.

“அட போட்டி, மெத்துனுதான் இருக்கு. நரம்பு முடிச்சாருக்கும்” என்றேன்.

கல்யாணம் முடிந்தது. பந்தல் பிரித்த பிறகாவது சொல்லியிருக்கலாம். ஆறு மாதம் வாய் திறக்கவில்லை, பாவி நான். இன்றைக்கும் கனவில் அந்தத் தண்ணீர் இடுப்பளவில் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய்.

ஆறு மாதம் கழித்துப் போன திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தொட்டுவிட்டு, நர்ஸிடம் மெதுவாக “ஹார்டா இருக்கு” என்றார். நீ என்னைப் பார்த்தாய். திரும்பும் பஸ்ஸில்தான் கேட்டாய்: “உனக்கு அன்னைக்கே தெரியும்லா?”

“தெரியும்.”

பஸ் சேரன்மகாதேவியைத் தாண்டியது. வெளியே வயல்கள் பச்சையாகப் போய்க்கொண்டிருந்தன. “அகராதியில இதப் போடலயேட்டி” என்றாய். என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாய். திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

போன வாரம், நீ இல்லாத அதே படித்துறையில், நம்மோடு மாவு உருட்டிய செல்வி, “மைனி, இங்கன என்னமோ தட்டுப்படுது” என்றாள். விரலை வைத்துப் பார்த்தேன். அவளுக்கும் அடுத்த மாதம் வீட்டில் விசேஷம்.

“கெட்டியா இருக்கு, வா” என்று கையைப் பிடித்து பஸ் ஸ்டாண்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். இரண்டு பேர் சேலையிலிருந்தும் வழியெல்லாம் தண்ணீர் சொட்டியது.