உச்சியில் வைத்த விளக்கெண்ணெய்

என் உயிரான அண்ணனுக்கு,

ரயில் மணியாச்சியில் நிற்கிறது. தூத்துக்குடிப் பெட்டிகளைக் கழற்றி வேறு இன்ஜின் மாட்ட வேண்டும். அது எப்போது வருமோ. வீட்டுக்குத்தான் வருகிறேன். உன் வீட்டுக்காரி, மைனி போட்ட கடிதம் மடியில் கிடக்கிறது.

அம்மா தன் சேலைகளை ஒவ்வொன்றாக அக்கம்பக்கத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறாளாம். எதற்கு என்று மைனி கேட்டதற்கு, "இனி எனக்கு எதுக்குளா?" என்றாளாம். சோறு ஒரு கை, அதுவும் எல்லா நாளும் இல்லை. உன் மகளைத் தொடுவதே இல்லையாம். தவழ்ந்து வந்து காலைப் பிடித்தால், "ஏளா, பிள்ளைய அங்கன தூக்கிட்டுப் போ, என் கை ஆகாத கை" என்கிறாளாம். தான் வைத்த எண்ணெய்தான் உன்னைக் கொன்றது என்று நம்புகிறாள் அண்ணே. அப்படி நம்ப வைத்த பாவி நான்.

நீ மயங்கிக் கிடந்தபோது நடந்ததை உனக்கே நான் சொல்லவில்லையே. இப்போது கேள்.

புது ஹார்பரில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்தவன், கால் மரத்துப்போகிறது என்று மதராசுக்கு வந்தாய். முதுகெலும்புக்குள் கட்டி. ஆப்பரேஷன் நடக்கும்போது நரம்பு வேலை செய்கிறதா என்று பார்க்கும் மெஷின் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதைப் போடத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கணுக்காலில் சின்னச் சின்னதாகக் கரண்ட் கொடுப்பேன். அது முதுகு வழியாக மூளைக்கு ஏறினால், உச்சந்தலையில் ஒட்டிய கம்பி மூலமாகத் திரையில் ஒரு மேடு எழும்பும்; அது தாழ்ந்தால் நரம்புக்கு ஆபத்து, டாக்டர் கையை நிறுத்தியாக வேண்டும். "என்னளா, கருவாடு மாதிரி கட்டித் தொங்கவிடப் போறியா?" என்று கேலி செய்தாய்.

ஆப்பரேஷனுக்கு முந்தின நாள் பதிவு எடுத்தபோது மேடு கோணல்மாணலாக வந்தது. தொட்டுப் பார்த்தால் உச்சியில் விளக்கெண்ணெய்! ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மறுபடி எடுத்தேன். இரண்டு காலுக்கும் நன்றாக வந்தது. அம்மாவை வாய்க்கு வந்தபடி ஏசினேன். "ஒரு சொட்டுதானளா வச்சேன், பிள்ளைக்குக் குளிர்ச்சி" என்றாள். ஆப்பரேஷன் அன்று காலையிலும் வைத்துவிட்டாள். அன்றும் சுத்தமாகத் துடைத்து, மீட்டரில் சரிபார்த்துத்தான் கம்பியை ஒட்டினேன்.

டாக்டர் கட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது இடது காலின் மேடு சரிந்தது. அடுத்த பதிவில் காணவே இல்லை. "சார், நிறுத்துங்க" என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். படுத்திருப்பது யாரோ என்றால் சொல்லியிருப்பேன். நம் அம்மாவைத்தான் எனக்குத் தெரியுமே, எண்ணெய்தான் கசிகிறது என்று நினைத்துவிட்டேன். துணிக்கு அடியில் கைவிட்டுக் கம்பியை அழுத்தினேன். எடுத்து வேறு ஒட்டினேன். இன்னொரு பதிவு எடுத்தேன். ஓட்டைவாய் என்று நீ பேர் வைத்த இந்த வாய், அத்தனை நிமிஷமும் கொழுக்கட்டையை அடைத்துக்கொண்டு கிடந்தது. நான் சொன்னபோது வலது காலும் போயிருந்தது.

"ஏம்மா, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று டாக்டர் கத்தினார். "தலையில எண்ணெய் சார், அம்மா வச்சிட்டாங்க" என்றேன். வெளியே வந்து அம்மாவிடமும் அதையேதான் சொன்னேன். அவள் வலது கையை முந்தானையில் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று சாயங்காலம் பதிவுத் தாள்களைப் பரப்பிப் பார்த்தேன். இடது காலின் மேடு காணாமல் போன அதே நேரம், அதே கம்பியில், வலது காலுக்கு ஒழுங்காக வந்திருக்கிறது. எண்ணெய் காரணம் என்றால் இரண்டுமே கெட்டிருக்க வேண்டாமா? என் கண் முன்னாலேயே இருந்தது. நான் பார்க்கவில்லை.

நம் மில்லர்புரம் வீட்டில் ஐந்து மாசம் இரண்டு காலும் விளங்காமல், படுக்கைப் புண்ணும் காய்ச்சலுமாகக் கிடந்தாய். "அம்மாவ ஏசாத ஏளா, அவ தெரியாமத்தான செஞ்சா" என்று என்னிடமே சொன்னாய். அப்போதாவது நான் வாயைத் திறந்தேனா? உன்னையும் அதே பொய்யோடு அனுப்பி வைத்தேன். வேலை போய்விடும் என்று பயந்தேனா, அம்மா முகத்தைப் பார்க்கப் பயந்தேனா? எனக்கே தெரியவில்லை அண்ணே.

போன வாரம் ஆத்தூரிலிருந்து ஒரு பெண் இதே ஆப்பரேஷனுக்கு வந்தாள். மேடு லேசாகத் தாழ்ந்ததுமே கத்திவிட்டேன். டாக்டர் கையை எடுத்தார். கொஞ்ச நேரத்தில் மேடு திரும்ப வந்துவிட்டது. அவள் இப்போது நடக்கிறாள். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள், நான் குளியலறையில் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். உனக்கும் இப்படித்தானே திரும்பியிருக்கும்?

இன்ஜின் வந்துவிட்டது. பெட்டி குலுங்குவதில் எழுத்து கோணுகிறது, பொறுத்துக்கொள். நான் போவதற்குள் அம்மா ஒன்றும் செய்துகொள்ளாமல் இருக்க வேண்டும்.

வீட்டு வாசலில் பையை இறக்குவதற்கு முன்னால் அவளிடம் சொல்லிவிடுவேன் அண்ணே, இது உன்மேல் சத்தியம். தாள்களைக் கொண்டுவருகிறேன்; அவளுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் விரலைப் பிடித்துக் காட்டுவேன். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள். கேட்கட்டும். அவள் உன் மகளைத் தூக்கட்டும். அதற்குப் பிறகு என்னைத்தான் கிட்டவே சேர்க்கமாட்டாள் என்றால், வாசலிலேயே நின்றுகொள்கிறேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த தங்கச்சி,
செல்வி